எல்லைக்கு அப்பால் ஓர் அச்சுக்கூடம்

பாரதி 1908ஆம் ஆண்டு சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குச் சென்றதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள் உண்டு. வீரர் ஒருவர் சிறைக்கு அஞ்சி ஓடலாமா என்பது ஒன்று. ஓடியதால்தான் நமக்குக் குயில் பாட்டு கிடைத்தது என்பது மற்றொன்று. இரண்டுமே பாரதி என்ற தனிமனிதரைப் பற்றியவை. அவரோடு புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த இன்னொன்றைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது 'இந்தியா' என்னும் வாரப் பத்திரிகை. ஆட்சிக்கு உவப்பில்லாததை எழுதும் ஒரு பத்திரிகை எங்கே குடியிருக்க வேண்டும், எந்த இடம் அதற்குப் பாதுகாப்பு, அந்தப் பாதுகாப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்விகளுக்கு நம் மொழியில் நடந்த மிகத் தெளிவான சோதனை அந்த இடப்பெயர்ச்சிதான். ஆகவே இக்கட்டுரையில் கவிஞரைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு அச்சுக்கூடத்தைப் பின்தொடர்ந்து செல்வோம்.

முதலில், எதிலிருந்து தப்பினார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் அச்சின் மீதான பிடி ஒரே நாளில் இறுகியதன்று. 1867ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வோர் அச்சுப் பிரதியிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்கவேண்டும் என்றது. பத்திரிகையை அச்சிடுபவரும் வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும் என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் பதிவு நடைமுறை. 1870இல் தண்டனைச் சட்டத்தில் ராஜத்துரோகப் பிரிவு சேர்ந்தபோதுதான் அந்தப் பதிவின் உட்பொருள் விளங்கியது. யாரைப் பிடிப்பது என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே அரசின் கோப்பில் இருந்தது.

1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டம் இந்திய மொழிகளில் வெளிவந்த ஏடுகளை மட்டும் குறிவைத்தது. ஆங்கில ஏடுகளுக்கு அது பொருந்தாது. கல்கத்தாவில் வங்காளமும் ஆங்கிலமும் கலந்து வந்துகொண்டிருந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' உடனே முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டது. இடத்தை மாற்றாமல் மொழியை மாற்றித் தப்பித்த உதாரணம் அது. சாதுரியமான செயல்தான். ஆனால் வங்காளம் மட்டுமே அறிந்த வாசகனை அந்தச் சாதுரியம் வெளியே நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தணிக்கையிலிருந்து தப்பும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சில சமயம் எழுதுகிறவன் தருகிறான். சில சமயம் வாசிக்கிறவன் தருகிறான். சில சமயம் இருவருக்கும் நடுவில் நிற்கும் மூன்றாவது மனிதன் தருகிறான்.

அந்த மூன்றாவது மனிதனை நாம் சென்னையில் சந்திக்கிறோம். 'இந்தியா' 1906 மே மாதம் சென்னையில் தொடங்கப்பட்டது. மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த திருமலாச்சாரியார் அதன் உரிமையாளர். எழுத்தும் உயிரும் பாரதியுடையவை. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் பாரதி அல்லர். முரப்பாக்கம் சீனிவாசன் என்பவரின் பெயரே பதிவாகியிருந்தது. 1908ஆம் ஆண்டு ஜூலையில் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கும் சுப்பிரமணிய சிவாவுக்கும் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அதே மாதம் பம்பாயில் திலகருக்கு ஆறாண்டு தண்டனை. ஆகஸ்டில் 'சுதேசமித்திரன்' நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைதானார். 'இந்தியா'வுக்கும் வாரண்டு வந்தது. கைதானவர் சீனிவாசன். அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பாரதி நண்பர்களின் வற்புறுத்தலின் பேரில் புதுச்சேரிக்குப் புறப்பட்டார்.

சீனிவாசன் 'இந்தியா'வில் எவ்வளவு எழுதினார் என்பது இங்கே முக்கியமில்லை. அவர் தம் பெயரைக் கொடுத்தார். அந்தப் பெயருக்கு அரசு விலை வைத்தது. நம் இலக்கிய வரலாறுகளில் அவருக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. சுதந்திரமான எழுத்துக்கு இடம் கொடுப்பவர்கள் பலரும் இப்படித்தான் அடிக்குறிப்பாக மறைந்துபோகிறார்கள். அச்சுக்கூடம் வைத்திருப்பவர், பெயர் கொடுப்பவர், வீட்டுத் திண்ணையில் மூட்டையை இறக்கிவைக்க அனுமதிப்பவர் ஆகிய இவர்கள் இல்லாமல் எந்தத் துணிச்சலான வாக்கியமும் வாசகனை வந்தடைந்ததில்லை.

*

புதுச்சேரி ஏன்? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது என்பது. அது உண்மைதான். ஆயினும் வேற்று நாட்டு மண் என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. பிரெஞ்சுக் குடியரசு 1881 ஜூலை 29ஆம் தேதியிட்ட பத்திரிகைச் சட்டத்தின்மூலம் முன் அனுமதியையும் ஜாமீன் தொகையையும் ஒழித்திருந்தது. ஒரு பத்திரிகை தொடங்க ஓர் அறிவிப்பும், பொறுப்பேற்கும் ஒரு பெயரும் போதும். அந்தச் சட்டம் பிரான்சின் குடியேற்றங்களுக்கும் பொருந்தியது. ஆகவே புதுச்சேரியில் பத்திரிகை நடத்துவது எவரோ ஓர் அதிகாரியின் தயவில் நடந்த காரியமன்று. அங்கே அதற்குச் சட்டத்தின் இடம் இருந்தது. தயவு மாறக்கூடியது. சட்டத்தை மாற்றுவது அதைவிடக் கடினம். இடம் தேடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய முதல் வேறுபாடு இது.

1908 அக்டோபரிலேயே 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வெளிவரத் தொடங்கியது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தை அது தன் முகப்பிலே ஏந்தியிருந்தது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி திறந்த ஏடு அது. அந்தச் சித்திரங்கள் புதுச்சேரியிலும் தொடர்ந்தன. 1909இல் 'விஜயா' என்ற நாளேடும் சேர்ந்துகொண்டது. ஒரு சிற்றூர் அளவே இருந்த கடற்கரை நகரம் சில மாதங்களுக்குத் தமிழ் அரசியல் எழுத்தின் தலைநகரமாக விளங்கியது.

இப்படி எல்லை தாண்டி அச்சடிப்பது உலகில் புதிய காரியமன்று. பதினேழாம் நூற்றாண்டு முதலே ஹாலந்து ஐரோப்பாவின் அச்சுக்கூடமாக இருந்தது. இத்தாலியில் விசாரணைக்கு உள்ளான கலிலியோ தம் கடைசிப் பெருநூலை 1638இல் லெய்டன் நகரில் எல்சவியர் அச்சகத்தின் வழியாகத்தான் வெளியிட முடிந்தது. பிரான்சில் அச்சிட முடியாத நூல்கள் ஹாலந்தில் அச்சாகிப் பிரான்சுக்குள் போயின. அவற்றில் பலவற்றின் தலைப்புப் பக்கத்தில் 'கொலோன் நகரம், பியர் மார்த்தோ' என்று இருக்கும். அப்படி ஒரு பதிப்பாளர் கொலோனில் இருந்ததே இல்லை. இல்லாத ஒரு மனிதனைச் சிறையில் அடைக்க எந்த அரசனாலும் முடியவில்லை. சீனிவாசனின் கதையை நினைத்துக்கொண்டு இதைப் படிக்கும்போது, அந்தப் பொய்ப் பெயருக்குள் இருந்த கருணை நமக்கு விளங்குகிறது.

ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஹெர்ஸன் 1853இல் லண்டனில் சுதந்திர ரஷ்ய அச்சகத்தை நிறுவினார். 1857 முதல் அங்கிருந்து 'கோலகோல்' (மணி என்று பொருள்) என்ற ஏடு வெளிவந்தது. அது ரகசியமாக ரஷ்யாவுக்குள் போய்ச் சேர்ந்தது. ஜாரின் அரசவையிலும் படிக்கப்பட்டது. லண்டனில் அச்சடித்ததற்காக ஹெர்ஸனை யாரும் தொடவில்லை. ஆனால் அதே லண்டன் இந்தியர்களுக்கு அப்படி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905இல் லண்டனில் தொடங்கிய 'இந்தியன் சோஷியாலஜிஸ்ட்' ஏட்டின் கதையைப் பாருங்கள். அவர் 1907இல் பாரிசுக்குச் சென்றுவிட்டார். அச்சு மட்டும் லண்டனில் தொடர்ந்தது. 1909இல் அதை அச்சிட்ட ஆர்தர் ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயர் தண்டிக்கப்பட்டார். பிறகு துணிந்து அச்சிட முன்வந்த கை ஆல்ட்ரெட் என்பவருக்கு ஓராண்டுச் சிறை. ஆசிரியர் எட்டாத இடத்தில் இருந்தார். அச்சடித்தவர்கள் எட்டும் இடத்தில் இருந்தார்கள்.

ஒரு நகரம் எல்லாருக்கும் சுதந்திர நகரமாக இருப்பதில்லை என்ற பாடம் இதில் இருக்கிறது. இங்கிலாந்துக்கு ரஷ்ய ஜாரைப் பற்றிய விமரிசனம் உறுத்தவில்லை. இந்திய ஆட்சியைப் பற்றிய விமரிசனம் உறுத்தியது. பிரான்சுக்கு இந்திய ஆட்சியைப் பற்றிய விமரிசனம் அவ்வளவாக உறுத்தவில்லை. அடைக்கலம் தருகிற வீட்டுக்காரனுக்கு நம் பேச்சு யாரைச் சுடுகிறது என்பதே கணக்கு. நம் எழுத்துக்கு எது பாதுகாப்பான இடம் என்று கேட்பதைவிட, நாம் யாரைப் பற்றி எழுதப் போகிறோம், அவருக்கும் இடம் தருபவருக்கும் என்ன உறவு என்று கேட்பது பயனுள்ளது.

*

புதுச்சேரியில் அச்சுக்கூடத்தைப் பிரிட்டிஷ் போலீஸால் தொட முடியவில்லை. ஆனால் அந்த அச்சுக்கூடத்தின் வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? சென்னையிலும் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் மதுரையிலும் இருந்தார்கள். புதுச்சேரி ஒரே துண்டு நிலமும் அன்று; பிரிட்டிஷ் கிராமங்களுக்கு இடையே சிதறிக் கிடந்த பல துண்டுகளின் தொகுப்பு. அங்கிருந்து புறப்படும் எந்தக் கட்டும் பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்தே ஆகவேண்டும். விழுப்புரத்துக்குச் செல்லும் ரயில் பாதையில் சுங்கச் சோதனை இருந்தது. பிரெஞ்சு நகரத்துக்குள்ளேயே பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையம் ஒன்றும் இயங்கியது. அஞ்சல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் பத்திரிகையின் குரல்வளை இருந்தது என்பதில் மிகையில்லை.

1910 பிப்ரவரியில் வந்த இந்தியப் பத்திரிகைச் சட்டம் இதை நன்றாக உணர்ந்து எழுதப்பட்ட சட்டம். புதிதாக அச்சகம் தொடங்குபவர் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் கட்டவேண்டும் என்றது; அன்று அது சிறிய தொகையன்று. தவறு கண்டால் தொகை பறிமுதல். மீண்டும் கட்டினால் அதைவிடப் பெரிய தொகை. மீண்டும் தவறினால் அச்சகமே பறிமுதல். உள்ளூர் ஏடுகளுக்கு இது. வெளியிலிருந்து வருவனவற்றுக்கு, சுங்க அதிகாரிகளும் தபால் அதிகாரிகளும் கட்டுகளை நிறுத்திவைக்க அதிகாரம் பெற்றார்கள். அச்சை நிறுத்த முடியாத இடத்தில் வழியை நிறுத்தினார்கள்.

விளைவு விரைவில் தெரிந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை. சந்தாதாரர்களுக்கு ஏடு போய்ச் சேரவில்லை. ஏடு சேராதபோது சந்தாவும் சேராது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. அதே ஆண்டில் 'விஜயா'வும் நின்றது. புதுச்சேரியில் எந்தப் போலீஸ்காரரும் அச்சுக்கூடத்தின் கதவை உடைக்கவில்லை. எந்தப் பிரெஞ்சு நீதிமன்றமும் ஓர் இதழைத் தடைசெய்யவில்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே எழுத்துக்கோப்பவருக்குத்தான் வேலை இல்லாமல் போயிற்று. ஒரு பத்திரிகையைக் கொல்ல அதன் வாசகனை அதனிடமிருந்து பிரித்துவிட்டாலே போதும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று நம் வரலாற்றில் அரிது.

இதற்கிடையே எதிர்த்திசைப் போக்குவரத்தும் இருந்தது. மேடம் காமா 1909 முதல் ஜெனீவாவிலிருந்து வெளியிட்ட 'வந்தே மாதரம்' ஏடு இந்தியாவுக்குள் நுழைய ஒரு வழியாகப் புதுச்சேரி பயன்பட்டது. நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களுக்கு வாரந்தோறும் தவறாமல் அனுப்பவேண்டிய கட்டுகளைத் தடுப்பது எளிது. கைமாறிக் கைமாறிச் செல்லும் சில பிரதிகளைத் தடுப்பது கடினம். ஒழுங்கான விநியோகம் வாசகரைப் பெருக்கும், ஆனால் எதிரிக்குத் தன் அட்டவணையைக் காட்டிக்கொடுக்கும். ஒழுங்கற்ற விநியோகம் தப்பிக்கும், ஆனால் சிலரை மட்டுமே எட்டும். இந்த முரணுக்கு அன்றும் எளிய தீர்வு கிடைக்கவில்லை.

அடைக்கலத்தின் தரையும் மெல்ல ஆடத் தொடங்கியது. 1904ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டனும் பிரான்சும் பழைய பகைவர்களாக இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டபின் பிரிட்டிஷ் உளவாளிகள் புதுச்சேரியில் பெருகினார்கள். புதிதாக வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள் ஐந்து உள்ளூர்ப் பிரமுகர்களின் சான்றொப்பம் பெற்றுத் தரவேண்டும் என்ற விதியும் வந்தது. 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்த அரவிந்தருக்கு முதலில் வீடு தந்த சங்கரன் செட்டியார் போன்றவர்கள் கையெழுத்துகளைத் திரட்டி இந்த நெருக்கடியைக் கடக்க உதவினார்கள். இங்கேயும் மூன்றாவது மனிதர்களே காப்பாற்றினார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். 1881ஆம் ஆண்டுச் சட்டம் அச்சைக் காத்தது. ஆளைக் காக்க ஐந்து கையெழுத்து வேண்டியிருந்தது.

*

பத்திரிகை போனபின் பாரதிக்கு எஞ்சியது நேரம். 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகம் வெளிவந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் புதுச்சேரி வாழ்வின் விளைச்சலே. இதைக் காட்டி, அடக்குமுறை இலக்கியத்துக்கு உரமாயிற்று என்று சொல்வோர் உண்டு. நாம் அவ்வாறு சொல்லத் துணிய மாட்டோம். மரம் வெட்டப்பட்டபின் அடியில் துளிர்த்ததை வைத்துக் கோடரிக்கு நன்றி சொல்ல முடியாது. 1911இல் அவருடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய நூல்கள் தடைசெய்யப்பட்டன. அரசியல் ஏடே அல்லாத ஒரு தன்வரலாற்றுக் கவிதையும் ஒரு சிறுகதையும்! பிறகு அவர் 'சுதேசமித்திர'னுக்குக் கட்டுரைகள் அனுப்பினார். நேரடி அரசியல் அவற்றில் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. 1918 நவம்பரில் புதுச்சேரி எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைதாகி, சில வாரங்களுக்குப்பின் நிபந்தனைகளோடு விடுதலையானார். எழுதுவதைப் போலீஸ் துறையின் பார்வைக்கு முன்கூட்டியே வைக்கவேண்டும் என்பது அந்நிபந்தனைகளுள் ஒன்று. பத்தாண்டு எல்லைக்கு அப்பால் இருந்து தப்பிய தணிக்கை, எல்லைக் கோட்டிலேயே காத்துக்கொண்டிருந்தது.

பாரதி மறைந்தபின்னும் அது ஓயவில்லை. 1928இல் பர்மா அரசின் நடவடிக்கையைத் தொடர்ந்து சென்னை அரசும் அவருடைய தேசிய கீதங்களைப் பறிமுதல் செய்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்துப் பேசினார். ஆனால் பாட்டு அதற்குள் நூலை விட்டு வெளியேறிவிட்டிருந்தது. மனப்பாடமாக இருக்கும் ஒன்றை எந்தத் தபால் நிலையத்தில் நிறுத்துவது?

உரைநடைக்கு அந்தப் பேறு இல்லை. 'இந்தியா', 'விஜயா' இதழ்களில் கணிசமானவை கிடைக்கவில்லை. ரா.அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன், இளசை மணியன், ஆ.இரா. வேங்கடாசலபதி முதலானோர் ஆண்டுக்கணக்கில் தேடி மீட்டவையே இன்று நம் கையில் இருப்பவை. இதில் ஒரு கசப்பான நகைப்பும் உண்டு. சென்னை அரசாங்கம் சுதேச ஏடுகளின் பகுதிகளை வாரந்தோறும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ரகசிய அறிக்கையாகத் தொகுத்து வந்தது. தொலைந்துபோன இதழ்களில் என்ன இருந்தது என்பதை ஆய்வாளர்கள் பல இடங்களில் அந்த அறிக்கைகளின் வழியாகவே அறிகிறார்கள். ரசித்துப் படித்த வாசகன் பழைய தாளைக் கடையில் போட்டான்; வெறுத்துப் படித்த அரசு கோப்பில் வைத்துக் காத்தது. நண்பர்களான நாம் ஒரு பிரதி எடுத்துவைக்கத் தவறியதை எதிரி செய்திருக்கிறான்.

*

இவை யாவும் ஈயத்திலும் மையிலும் நடந்த பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2006 ஜூலையில், இந்திய அரசு சில இணையப் பக்கங்களை மட்டும் முடக்கச் சொன்னபோது, இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பிளாக்ஸ்பாட், ஜியோசிட்டீஸ் போன்ற முழு வளாகங்களையே சில நாட்கள் மூடின. சமையல் குறிப்பு எழுதியவரும் கவிதை எழுதியவரும் சேர்ந்தே மறைந்தார்கள். எழுத்து பத்திரமாகக் கடலுக்கு அப்பால் இருந்தது; வழிதான் அடைபட்டது. 2009இல் அந்த ஜியோசிட்டீஸை அதன் உரிமையாளரான யாஹூவே இழுத்து மூடியபோது எந்தத் தணிக்கையும் தேவைப்படவில்லை. இலவசமாகத் தந்த இடம் லாபம் தரவில்லை என்பதே போதுமானதாக இருந்தது. பல்லாண்டு எழுத்துகள் போயின. தன்னார்வலர்கள் அவசரமாகப் பிரதியெடுத்தவை மட்டுமே பிழைத்தன.

ஆகவே எழுத இடம் தேடுகிறவர்களுக்கு அந்தப் புதுச்சேரி அச்சுக்கூடம் விட்டுச்சென்ற கேள்விகள் இன்னும் பழையதாகிவிடவில்லை. இடம் தருபவரைக் கட்டுப்படுத்துவது சட்டமா, தயவா? நாம் யாரைச் சுட்டால் அவருக்கு வலிக்கும்? அச்சுக்கூடத்திலிருந்து வாசகன் வீடு வரையிலான பாதை யார் கையில் இருக்கிறது? வாரண்டு வந்தால் அதில் யார் பெயர் இருக்கும்? நாளை எல்லாம் மூடப்பட்டால் பிரதி யாரிடம் இருக்கும்? இந்த ஐந்துக்கும் திருப்தியான விடை தரும் இடம் 1908இல் இருக்கவில்லை. இன்றும் ஓரிடமாக இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. புதுச்சேரி முதல் கேள்விக்கு நல்ல விடை. மூன்றாவதற்கு மோசமான விடை.

ஆயினும் அதைத் தேர்ந்தவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல மாட்டோம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலம், தமிழில் வேறெங்கும் அச்சேற முடியாதது அங்கே அச்சேறியது. நிலையான இடம் கிடைக்கும்வரை பேசாதிருப்போம் என்று அவர்கள் காத்திருந்தால் அந்த இதழ்கள் ஒன்றுகூட இருந்திருக்காது. கிடைத்த இடத்தில் பேசுவதும், பேசியதைப் பல கைகளில் விட்டுவைப்பதும், பெயர் கொடுத்தவனை மறக்காதிருப்பதும் நம்மால் ஆகக்கூடியவை. முரப்பாக்கம் சீனிவாசனுக்கு நாம் பட்டிருக்கும் கடனில் அதுவே முதல் தவணை.